ஆட்டோவில் பிறந்ததாக ஒரு தாள்

தியாகராய நகர்,
12.9.2024

தமிழ்மொழிக்கு,

நேற்று மதியம் கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் உன் வக்கீல் சுவாமிநாதனின் ஆள் வந்தார். பக்கெட் வாங்க வந்தவர் என்று நினைத்து மூடி போட்டதா, போடாததா என்று கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நானும் நம் கடையில் வேலை செய்யும் மேரியின் புருஷனும் கையெழுத்துப் போட்டால் போதுமாம், மீதியை சார் பார்த்துக்கொள்வாராம்.

நின்றபடி ஒரு தடவை படித்தேன். புரியவில்லையோ என்று உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். ஆகஸ்ட் 21ஆம் தேதி ஜெயராம் தன் நிறைமாத மனைவி ஆரோக்கியமேரியைத் தன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனானாம். மந்தைவெளி வரும்போது வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டதாம். பயந்துபோய் பக்கத்திலிருந்த யோகா மையத்தில் ஏறி உதவி கேட்டார்களாம். நீ மனிதாபிமானத்தோடு ஒரு துண்டும் வெந்நீரும் கொடுத்தாயாம். கட்டடத்துக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் இதெல்லாம் எனக்கு நேரடியாகத் தெரியுமாம்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆட்டோ நம்பரைக்கூடத் தப்பில்லாமல் போட்டிருக்கிறார்.

இதில் ஜெயராம் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? பெண்டாட்டிக்கு வலி எடுத்த பிறகும் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் வண்டியில் ஏற்றினான், அதனால்தான் அவள் கருப்பையை எடுக்க வேண்டி வந்தது என்று முடியும். மேரிக்கு இருபத்து மூன்று வயது. தலைப்பிள்ளை. இனி பிள்ளை இல்லை. அந்தப் பழியைப் புருஷன்காரன் தன் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், நீ வெளியே வர வேண்டும். இந்த யோசனை வக்கீலுடையதா, உன்னுடையதா? அதை மட்டும் சொல்.

நான்தான் உன்மேல் புகார் கொடுத்தேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். நான் கொடுக்கவில்லை. மேரி குடியிருக்கும் பெரும்பாக்கத்தில் நஸ்ருன்னிசா என்று ஒரு சுகாதார நர்ஸ் இருக்கிறார். அந்தக் குடியிருப்பில் யார் யார் பிள்ளை உண்டாகியிருக்கிறார்கள் என்று அவரிடம் பதிவு இருக்கிறது. ஏழாம் மாதத்திலிருந்து மேரி பரிசோதனைக்கு வராததால் வீடு வீடாகத் தேடியிருக்கிறார். மேரி அரசு ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக் கிடந்தபோது நேராக என் கடைக்கே வந்துவிட்டார். "உங்க கடைப் பொண்ணு எங்க சார் பெத்தாங்க?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்குத் தெரியாதும்மா." உனக்காகச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். மறுநாளே மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து போலீஸோடு வந்து மந்தைவெளி மாடிக்கு சீல் வைத்தார்கள். புகார் கொடுக்க வேண்டியவன் நான். கொடுத்தது அந்த அம்மா. அதுதான் எனக்கு வெட்கம்.

உன் போன் நம்பரை நான் தடுத்து வைத்திருப்பது உண்மை. உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நீ என்னிடம் காரியம் சாதித்திருக்கிறாய். சொல்ல வேண்டியதை எழுது.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை.

சித்தார்த்தன்

*

விழுப்புரம்,
16.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ தலைப்பில் "அன்புள்ள" என்று போடவில்லை. நான் போடுகிறேன்.

தினமும் காலை பத்தரை மணிக்கு இங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறேன். ஜாமீன் கொடுத்த நீதிமன்றம், நான் சென்னையில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஒரு பெண் போலீஸ் தினமும் கேட்கிறாள்: "என்னம்மா, நேத்து எத்தன டெலிவரி?" மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் இதைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். அது உனக்கு வெட்கமாக இல்லை, இல்லையா?

மூன்று வருஷத்தில் என் மாடியில் அறுபத்தொரு பிள்ளைகள் பிறந்தன அண்ணா. அறுபது பேர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். முதல் பிறந்தநாளுக்கு எனக்குப் படம் அனுப்புகிறார்கள். இதை எந்தப் பேப்பரிலும் போடவில்லை. "போலி பிரசவ மையம்" என்று மட்டும் போட்டார்கள்.

என் பெரியவள் பிறந்தது உனக்கு நினைவிருக்குமே, வடபழனியில். அந்த ஆஸ்பத்திரிக்கு உரிமம் இருந்தது, லிஃப்ட் இருந்தது, வாசலில் பிள்ளையார் இருந்தார். கத்தாதே என்று ஒரு ஆயா என் தொடையில் அறைந்தாள். டாக்டர் ஏதோ கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும், அதனால் ஆறு மணிக்குள் அறுத்தார்கள். என்னிடம் கேட்கவில்லை. கையெழுத்தை என் வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொண்டார்கள், வயிறு என்னுடையது. அந்தக் கதவுக்கு யார் சீல் வைத்தார்கள்? எந்த அதிகாரி வந்தார்? அங்கிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே முடிவு செய்தேன், எந்தப் பெண்ணுக்கும் இது நடக்கக் கூடாது என்று. அந்த ஆத்திரத்தில்தான் இந்த மையத்தைத் தொடங்கினேன். அதைக் குற்றம் என்கிறாய்.

மேரிக்கு நடந்ததற்கு நான் அழாமல் இல்லை. ஆனால் ரத்தப்போக்கு எல்லா இடத்திலும் வருகிறது. உரிமம் இருக்கிற இடத்திலும் செத்துப்போகிறார்கள்.

அந்தத் தாள் வக்கீலின் யோசனை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்டோபர் ஒன்றாம் தேதி சீலை எடுக்கச் சொல்லி நாங்கள் போட்ட மனு விசாரணைக்கு வருகிறது. அது வெறும் யோகா மையம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் திறந்துவிடுவார்கள். ஒன்பது பெண்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கு இந்த மாதக் கடைசியிலேயே. அவர்கள் பெயரும் நம்பரும் தனித்தாளில் இருக்கிறது. இங்கிருந்து நான் கூப்பிடக் கூடாது என்கிறார் வக்கீல். நீ கூப்பிட்டு, மொழியக்கா வந்துவிடுவாள், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிடு. இதையாவது செய்.

இன்னொன்று. ரொம்ப யோக்கியனாக எழுதியிருக்கிறாய். சுவரில் மாட்டியிருந்ததெல்லாம் யார் வாங்கிக் கொடுத்தது என்று நினைவிருக்கிறதா, இல்லை அதுவும் "எனக்குத் தெரியாதும்மா"தானா?

மொழி

*

தியாகராய நகர்,
19.9.2024

தமிழ்மொழிக்கு,

நினைவிருக்கிறது. நீ எழுதாவிட்டாலும் எழுதியிருப்பேன்.

மாநகராட்சித் தொழில் உரிமம் நான் வாங்கினேன். யோகா மற்றும் நல்வாழ்வு மையம் என்று போடச் சொன்னது நான். ஜிஎஸ்டி பதிவு நான். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாயே, எவனாவது வந்து கேட்பான் என்று உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கினேன். பிள்ளையை நிறுக்கும் தராசு இருக்கிறதே, அதற்குக்கூட எடையளவுத் துறையில் முத்திரை போட்டு வாங்கி வந்தேன். ஒரு கடைக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் வாங்கினேன். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்தது கடைதான். எல்லாவற்றையும் கண்ணாடி போட்டு, நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். "வர்றவன் இதைப் பார்த்தாலே வாயை மூடிப்பான்" என்று உன்னிடம் சொன்னேன். பிள்ளை பெற்றுப் போடுகிற இடத்துக்கு மருத்துவமனைப் பதிவு என்று தனியாக ஒன்று வேண்டும், அதற்கு டாக்டர் வேண்டும், பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும், ரத்தத்துக்கு ஏற்பாடு வேண்டும், இருபத்தொரு நாள் இயற்கைப் பிரசவ முகாம் போய் வந்தவள் பெயரில் கொடுக்கமாட்டார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு டஜன் குடம் வாங்குவதற்கு முன்னால் நாலு இடத்தில் விசாரிக்கிறவன் நான்.

சீல் வைத்த அன்று அவர்கள் எழுதிய சாமான் பட்டியலின் நகல் எனக்கும் வந்தது. காற்றடைக்கும் தொட்டி இரண்டு. நம் கடைச் சரக்கு. "பெரியவர் மேற்பார்வையில் குழந்தைகள் விளையாட மட்டும்" என்று விளிம்பில் அச்சடித்திருக்கும். அதில் தண்ணீர் நிரப்பித்தான் பிரசவத்துக்குப் பெண்களை உட்கார வைத்திருக்கிறாய். கொள்முதல் விலைக்கே கொடுத்தேன் என்று அப்போது எனக்குப் பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போனேன். எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. மேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். கடையில் ஆறு வருஷம் நின்ற பழக்கம். "உக்காரு, உக்காரு" என்று அதட்ட வேண்டியிருந்தது. குழந்தை நன்றாக இருக்கிறது. பெண். இன்னும் பெயர் வைக்கவில்லை. பிறந்த இடம் எது என்று யாரும் எழுதிக் கொடுக்காததால் பிறப்புச் சான்றிதழும் இல்லை.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று ஜெயராமிடம் சொன்னேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "என் வண்டில பொறந்துச்சாமா? சரி ண்ணா, அப்போ ஆம்பளைங்க மேல வரக்கூடாதுன்னு என்னிய வாசல்லயே நிக்க வெச்சாங்களே உங்க தங்கச்சி, அத்த எந்தப் பேப்பர்ல எழுதுவாங்க?" என்றான்.

மேரியைக் கேட்டேன், ஏன் அங்கே போனாய், பயமாக இல்லையா என்று. "இன்னா பயம் ண்ணா? உள்ள போனதும் கண்ணாடி போட்டு வரிசையா மாட்டிக் கீது, கவர்மெண்டு சீலு குத்தி. நீங்க வேற சொல்லிட்டீங்க. அப்போ பெரிய எடம்தான்னு நெனச்சேன்." இதைச் சொல்லிவிட்டு, நான் வருத்தப்படுவேன் என்று ஜெயராமை எனக்கு டீ போடச் சொன்னாள்.

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். "எனக்கு ரத்தம் எப்போ ஆரம்பிச்சுதுன்னு மொழியக்கா கிட்ட கேட்டுச் சொல்றீங்களா? ஆஸ்பத்திரில டாக்டரம்மா கேட்டாங்க, எனக்குத் தெர்ல. பாதி மயக்கம். அக்கா மூஞ்சி மட்டும்தான் ஞாபகம் கீது."

பிள்ளை பிறந்தது ஒன்று நாற்பதுக்கு. ஜெயராமைக் கூப்பிட்டு, இப்போதுதான் ஆரம்பித்தது, ஆஸ்பத்திரிக்குப் போ என்று நீ சொன்னது மூன்றே முக்காலுக்கு. நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த பதிவு இருக்கிறது. "இப்போதுதான்" என்றால் எப்போது?

நீ அனுப்பிய ஒன்பது பேர் பட்டியலை நஸ்ருன்னிசாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தந்தப் பகுதி நர்ஸ்களுக்குச் சொல்லி ஒவ்வொருவரையும் ஆஸ்பத்திரியில் பதிய வைப்பதாகச் சொன்னார். இந்த முறை அவர் கேட்பதற்கு முன்னால் கொடுத்தேன்.

சித்தார்த்தன்

*

விழுப்புரம்,
24.9.2024

அண்ணா,

நம்பிக்கையாகக் கொடுத்த பட்டியலைக் கொண்டுபோய் அவர்களிடமே கொடுத்திருக்கிறாய். உன்னைப் போல் ஒருவனை அண்ணன் என்று சொல்ல வாய் கூசுகிறது. இரண்டு நாள் பேனாவையே தொடவில்லை.

மேரிக்காக உருகி எழுதியிருக்கிறாயே, ஒன்றை விட்டுவிட்டாய். அவளை என்னிடம் ஏன் அனுப்பினாய்? மே மாதம் என்னிடம் என்ன சொன்னாய்? "ஆஸ்பத்திரிக்குப் போனா கிழிச்சு வெச்சு மூணு மாசம் படுக்க வெச்சிடுவான், உங்கிட்ட பெத்தா தீபாவளிக்குள்ள கவுண்டருக்கு வந்துடுவா இல்ல?" என்று கேட்டாய். நானும் வந்துவிடுவாள் என்றேன். எனக்குப் பைத்தியக்காரத்தனமாவது இருந்தது, நான் செய்வதை நம்பினேன். உனக்கு தீபாவளி வியாபாரம். இதை மேரியிடம் சொன்னாயா, எட்டு மாடி ஏறிப் போய்?

நேரம் கேட்டாய்.

அவளுக்காகச் சொல்கிறேன், உனக்காக இல்லை. இரண்டு பத்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நஞ்சுக்கொடி பாதிதான் வந்திருந்தது. தொடக்கூடாது, தானாக விழும், காத்திரு என்றுதான் முகாமில் சொல்லிக் கொடுத்தார்கள். காத்திருந்தேன். இரண்டரைக்கு மூன்றாவது துண்டு மாற்றினேன். கற்றுக்கொடுத்த அம்மாவுக்குப் போன் போட்டேன், நாலு தடவை, எடுக்கவில்லை. மேரி தண்ணீர் கேட்டாள். உதடு வெளுத்திருந்தது. 108க்குப் போட்டால் எங்கிருந்து கூப்பிட்டோம் என்று பதிவாகிவிடும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் எங்கே பெற்றாள் என்று கேட்பார்கள். எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், நின்றுவிடும் என்று ஒவ்வொரு பத்து நிமிஷமாகத் தள்ளினேன். முன்னே ஒருத்திக்கு அப்படி நின்றது அண்ணா. நிஜமாக நின்றது.

அவன் கீழே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆட்டோவின் கூரை தெரியும்.

வக்கீலிடம்கூட இதைச் சொல்லவில்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அவளிடம் வாயால் சொல். கிழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

மொழி

*

தியாகராய நகர்,
30.9.2024

தமிழ்மொழிக்கு,

கிழிக்கவில்லை.

இன்று காலை தேனாம்பேட்டையில் இணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். என்னை, மேரியை, ஜெயராமை. நஸ்ருன்னிசாவும் வந்திருந்தார். ஒன்பது பேரில் எட்டுப் பேரைப் பதிந்துவிட்டாராம். ஒருத்தி, நீ வரும்வரை வீட்டிலேயே இருப்பேன் என்கிறாளாம். அவளிடம் மூன்றாவது தடவையாகப் போகப் போகிறார். "அவங்களுக்கும் ஆஸ்பத்திரில ஏதோ நடந்திருக்கு சார், சொல்லமாட்டேங்கறாங்க. நானே லேபர் ரூம் வரைக்கும் கூட வர்றேன்னு சொல்லப் போறேன்" என்றார். உன் வடபழனி ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. நீ அதைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. மேரியை வைத்துக்கொண்டு காத்திருந்தாய்.

என் வக்கீல், வாடகைக்கு விட்டேன், மற்றது தெரியாது என்று மட்டும் சொல்லச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உரிமங்களை வாங்கியது, மாட்டியது, தொட்டி கொடுத்தது, நர்ஸிடம் பொய் சொன்னது. தீபாவளியையும் சொன்னேன். மேரி பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே சொன்னேன். "அதுக்கா ண்ணா?" என்று கேட்டாள்.  அந்தக் கேள்வியோடு நான் இருந்துகொள்கிறேன், அது என் பாடு.

பிறகு உன் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் கடிதங்களின் நகலையும் வைத்தேன். அதிகாரி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கூடப் பிறந்த தங்கச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். "இது நாளைக்கு கோர்ட்டுக்குப் போகும். அவங்க மனு நிக்காது. கேஸே வேற மாதிரி ஆயிடும். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?" என்றார். தெரிந்துதான் கொடுக்கிறேன் என்றேன். என் பெயரும் குற்றப்பத்திரிகையில் வரலாம் என்றார். வரட்டும் என்றேன். 

குழந்தையின் பிறப்பைப் பதிய உத்தரவு போட்டுவிட்டார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மந்தைவெளி வீட்டின் கதவு எண்ணை அவர் கேட்க, நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள்.

இன்றிலிருந்து நான் சாட்சி. சாட்சிக்கு நீ கடிதம் எழுதினால் உன் ஜாமீன் போய்விடும். எழுதாதே. வக்கீலை மாற்று. ஆட்டோக் கதை சொல்லாத ஒருவரைப் பார். கேட்டால் அந்த இரண்டு பத்தை நீயே நீதிபதியிடம் சொல். தாளில் இருப்பதைவிட உன் வாயால் வந்தால் உனக்கு நல்லது.

கடைசியாக ஒன்று. இதை உன்னிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்ல வேண்டியதுதான்.

அதிகாரி உன் கடிதத்திலிருந்து அந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்தார். மேரி குழந்தையின் துணியைச் சரி செய்துகொண்டே கேட்டாள். ஜெயராம் மட்டும் "ரெண்டு பத்தா சார்? மூணு நாப்பத்தஞ்சு இல்ல?" என்று கேட்டான். அவர் திரும்பவும் படித்தார். இரண்டு பத்து. அவன் கொஞ்ச நேரம் விரலை மடக்கி ஏதோ எண்ணினான். பிறகு அதிகாரியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"பொண்ணு பொறந்துட்சின்னு மேலருந்து சொன்னாங்க ண்ணா. ரெண்டு மணிலருந்து நான் கீழ வண்டியத் தொடச்சிக்கினு இருந்தேன். கொயந்தய இட்டுனு போணுமேன்னு டெட்டால் ஊத்தி, சீட்டெல்லாம் கயட்டி, ரெண்டு மணி நேரம் தொடச்சிக்கினு இருந்தேன்."

சித்தார்த்தன்